துணைப் பாத்திரம் கதை சொல்லும்போது

வாசகர் கேள்வி – பதில்

ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒரு கதையை, அதன் ஓரத்தில் நின்ற ஒரு பாத்திரத்தின் பார்வையில் திரும்பச் சொல்வது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் தருகிறோம்.

கேள்வி: நான் எழுதி முடித்துள்ள நாவலில், நாயகியின் வீட்டில் பணிபுரியும் நடுவயதுப் பெண் ஒருத்தி நான்கைந்து இடங்களில் மட்டும் வருகிறாள். படித்த நண்பர்கள் பலரும் அவளைப் பற்றியே கேட்கிறார்கள். அதே நிகழ்ச்சிகளை அவள் பார்வையில் இன்னொரு கதையாக எழுத விரும்புகிறேன். ஆனால் முடிவு தெரிந்த கதையை ஒருவர் எதற்காக மறுபடியும் படிக்க வேண்டும் என்ற தயக்கம் இருக்கிறது.

பதில்: முடிவு தெரிந்திருப்பதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பாரதக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர் எவரும் துரியோதனன் வெல்வானா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. உங்கள் தயக்கம் வேறோர் இடத்தில் எழ வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அலுவல், ஓர் அச்சம், யாருக்கோ கொடுத்த ஒரு வாக்கு ஏதேனும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். நாயகியைக் கவனித்துக்கொண்டு நிற்பதற்காக மட்டுமே அவள் அந்த வீட்டில் இருக்கிறாள் என்றால், நீங்கள் எழுதப்போவது பழைய நாவலின் மங்கிய படியாகத்தான் அமையும்.

நான் சொல்ல வருவதற்குச் சிலப்பதிகாரத்து மாதரியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மதுரைப் புறஞ்சேரியில் வாழும் ஆயர் முதுமகள் அவள். உடன் வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைத்து, "தாயும் நீயே ஆகித் தாங்கு" என்று சொல்கிறார். காப்பியத்தில் மாதரிக்குக் கிடைத்த இடம் சிறியது. ஆனால் அந்தச் சிறிய இடத்துக்குள் இளங்கோவடிகள் அவளுக்கென்று ஒரு முழு நாளை வைத்திருக்கிறார். ஆய்ச்சியர் குரவை என்னும் பகுதி அரண்மனையின் காலை முரசோடு தொடங்குகிறது. அன்று அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை தன் வீட்டுக்கு உரியது என்று சொல்லிக்கொண்டு, கடைகயிறும் மத்துமாக வந்து மகள் ஐயையை அழைக்கிறாள் மாதரி. குடத்துப் பால் உறையவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது, உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டி துள்ளவில்லை, பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. "வருவதொன்று உண்டு" என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வருவது என்ன என்பதுதான் தெரியவில்லை. கறவைகளும் கன்றுகளும் படும் துயர் நீங்க வேண்டும் என்று சொல்லிக் குரவை ஆடச் செய்கிறாள். அதைக் கண்ணகியும் காணட்டும் என்கிறாள்.

கோவலன் சிலம்போடு நகருக்குள் சென்றுவிட்டான் என்பதும் திரும்பி வரமாட்டான் என்பதும் வாசகருக்குத் தெரியும். நல்லது செய்வதாக நம்பி, தன் வீட்டில் தங்கிய பெண்ணை அமர வைத்து ஆடல் காட்டுகிற அந்த முதியவளுக்குத் தெரியாது. முடிவு தெரிந்த வாசகரைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துச் செல்லும் விசை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கண்ணகியின் பக்கம் நின்று சொன்னால் அந்தக் காலை நேரம் கணவனுக்காகக் காத்திருக்கும் நேரம். மாதரியின் பக்கம் நின்று சொன்னால் அது வேலை கிடக்கும் நேரம். தயிர் கடைய வேண்டும், நெய் போக வேண்டும், மாடுகளுக்கு என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த நெய் போய்ச் சேரும் அரண்மனையிலிருந்துதான் கொலைக்கான கட்டளை பிறந்தது என்பதை அவள் பின்னால் அறிந்திருப்பாள் அல்லவா? அரசன் பிழைத்தான் என்று அவள் கதறுவதாகச் சொல்லும் காப்பியம், அந்த நெய்யையும் கட்டளையையும் இணைத்துக் காட்டவில்லை. எழுதுகிறவருக்கு அது பெரிய வாய்ப்பு.

இன்னும் ஒரு நுட்பம் பாருங்கள். கோவலன் புறப்பட்டுத் தெருவில் நடக்கும்போது திமில் பருத்த ஏறு ஒன்று அவனை எதிர்த்து வருகிறது. அது தீய நிமித்தம் என்று அவன் அறியவில்லை; அவன் குலத்தார் அறியக்கூடிய செய்தி அன்று அது என்று இளங்கோவடிகளே காரணமும் சொல்கிறார். ஆயர்களுக்கு அது தெரியும். மாதரியின் பார்வையில் எழுதுகிறவர் அந்த நேரத்தில் அவளை எங்கே நிறுத்துவார் என்பது முக்கியமான முடிவு. வாசலில் நின்று அவள் அதைக் கண்டிருந்தால் ஏன் கூப்பிட்டுத் தடுக்கவில்லை என்று அவள் வாழ்நாள் முழுதும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். காணவில்லை என்றால், யாரோ ஓர் ஆயர் மகன் பின்னொரு நாளில் பேச்சுவாக்கில் அதை அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டும் மூலத்தோடு முரண்படாதவை. இரண்டும் வெவ்வேறு கதைகள்.

குரவை முடிந்ததும் பூவும் புகையும் சாந்தும் கண்ணியும் எடுத்துக்கொண்டு, வையைக் கரையில் திருமாலை வணங்கி நீராட மாதரி போய்விடுகிறாள். ஊருக்குள் கேட்ட செய்தியோடு ஒருத்தி ஓடி வருகிறாள்; கண்ணகி அதைக் கேட்கும்போது மாதரி அங்கே இல்லை. கண்ணகி சிலம்பேந்திப் புறப்படுகிறாள், வழக்குரைக்கிறாள், மதுரை எரிகிறது. வையையிலிருந்து திரும்பியவள் என்ன கண்டாள் என்று நாம் பார்ப்பதில்லை. வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்னும் மறையவன் சேர மன்னன் செங்குட்டுவனிடம் சொல்லும்போதுதான், "அடைக்கலம் இழந்தேன்" என்று கதறி நள்ளிரவில் அவள் தீக்குள் புகுந்த செய்தி நமக்குக் கிடைக்கிறது. துறையிலிருந்து வீடு வரும் வழிக்கும் அந்த நள்ளிரவுக்கும் நடுவே ஒரு நாவல் அளவுக்கு இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே நிரப்ப வேண்டியது கண்ணகியின் கதையை அன்று, காப்பாற்ற முடியாமல் போன ஒரு வாக்கின் கதையை.

உங்கள் நாவலின் பணிப்பெண்ணிடமும் இதையே தேடுங்கள். நாயகியின் வீட்டில் பெரிய சண்டை நடந்த இரவில் அவள் வீட்டில் யார் காய்ச்சலில் கிடந்தார்கள்? அவள் எதைத் தவறாகப் புரிந்துகொண்டாள்? எந்த முக்கியமான நேரத்தில் அவள் அங்கே இல்லை? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் தயங்காமல் தொடங்குங்கள். உங்கள் நண்பர்கள் அவளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதே, முதல் நாவலில் நீங்கள் அறிந்தோ அறியாமலோ அவளுக்கு ஒரு வாழ்க்கையின் சாயலைக் கொடுத்துவிட்டீர்கள் என்பதற்குச் சான்று.

கேள்வி: இத்தகைய கதையைத் தன்மையில், "நான்" என்று சொல்வது நல்லதா, படர்க்கையில் சொல்வது நல்லதா?

பதில்: பெரும்பாலோர் தன்மையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இதுவரை பேசாதவர் பேசத் தொடங்கும்போது "நான்" என்ற சொல்லுக்கே ஒரு வலிமை வந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படி எழுதத் தொடங்கும் முன், அவர் யாரிடம் பேசுகிறார், எப்போது பேசுகிறார், இத்தனை நாள் கழித்துப் பேச வேண்டிய கட்டாயம் என்ன என்பவற்றை முடிவு செய்துவிட வேண்டும். முன்பு குறிப்பிட்ட மாடலனையே பாருங்கள். செங்குட்டுவன் முன் நின்று மதுரையிலும் புகாரிலும் நேர்ந்த சாவுகளை அவன் வரிசையாகச் சொல்கிறான். வெறும் செய்தி சொல்வதற்காக அவன் சொல்லவில்லை. தன் வாயால் சொல்லக் கேட்ட செய்தியினால் சிலர் இறந்துபோனார்கள் என்பதனாலேயே அவன் கங்கையில் நீராட வந்திருக்கிறான். செய்தி சொன்னதே அவனுக்குப் பாரமாகிவிட்டது. துணைப் பாத்திரம் ஒன்று கதை சொல்வதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

நிகழ்ச்சிகள் முடிந்து நெடுங்காலம் கழித்துப் பேசுகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அன்று தெரியாதிருந்ததை இன்று தெரிந்தவராக நின்று சொல்லும்போது, "அப்போது எனக்குத் தெரியவில்லை" என்ற தொடர் பக்கத்துக்கு ஒரு முறை வந்து விழும். இரண்டாம் அத்தியாயத்துக்குள் வாசகர் களைத்துவிடுவார். அறியாமை கதைக்கு உயிர் என்றால், பாத்திரத்தை ஒட்டி நடக்கும் படர்க்கையே பாதுகாப்பானது. மாதரி தீக்குள் புகுகிறவள். பின்னாளில் உட்கார்ந்து நினைவுகூர அவளுக்கு நாள் இல்லை. அவள் கதையைப் படர்க்கையிலோ, மகள் ஐயையின் வாய்மொழியாகவோதான் நான் எழுதுவேன்.

கேள்வி: மூலக்கதையில் உள்ள காட்சிகளையும் உரையாடல்களையும் அப்படியே வைக்க வேண்டுமா, மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: பேசப்பட்ட சொற்களை மாற்றாதீர்கள், கேட்கப்பட்டதை மாற்றுங்கள். இரண்டு கதைகளிலும் வரும் காட்சியில், நாயகன் மூலத்தில் என்ன சொன்னானோ அதே சொற்கள்தாம் இங்கேயும் இருக்க வேண்டும். ஆனால் கதவுக்கு அப்பால் நிற்பவருக்கு முதல் வாக்கியம் கேட்காமல் போகலாம். கேட்ட பாதியும் வேறொருவரைக் குறித்தது என்று தோன்றலாம். நாயகி எறிந்த சொல் மூலத்தில் கணவனைக் குத்தியது. இங்கே அது, தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நிற்கும் பணிப்பெண்ணைக் குத்தலாம். சொல் மாறாமல் பொருள் மாறும்போது வாசகர் மூலத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். அதைவிட நல்ல பாராட்டு இவ்வகைக் கதைக்குக் கிடையாது.

எழுதத் தொடங்கும் முன் ஒரு வேலை செய்துகொள்ளுங்கள். மூலக்கதையை நாள் வாரியாக, முடிந்தால் பொழுது வாரியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பொழுதிலும் உங்கள் பாத்திரம் எங்கே இருந்தார் என்று எதிரே குறியுங்கள். மூலம் சொல்லும் இடங்களை ஒரு நிறத்திலும், மூலம் சொல்லாத இடங்களை வேறொரு நிறத்திலும் குறித்தால் உங்கள் கதையின் உண்மையான பரப்பு கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் நிறம் மிகுந்திருந்தால் நல்லது. முதல் நிறமே மிகுந்து, பாத்திரம் எல்லாக் காட்சிகளிலும் நாயகன் பக்கத்திலேயே நிற்கிறார் என்றால், பார்வையை இன்னும் ஓரத்துக்கு நகர்த்தி வேறொருவரைத் தேடுவதே மேல். இரு கதைகளுக்கும் பொதுவான காட்சிகளைக் குறைவாகவும் குறுகியதாகவும் வையுங்கள். பலர் இவற்றைத்தான் மிக விரிவாக எழுதிச் சலிப்பூட்டுகிறார்கள்.

மூலத்தோடு முரண்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருவர் நினைவு இருவிதமாக இருப்பது இயல்பு. ஆனால் அந்த முரண் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பது வாசகருக்கு அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். கடிதம் வந்த நாளும் கதவு திறந்திருந்ததா என்பதும் கவனக்குறைவால் மாறியிருந்தால், வேண்டுமென்று மாற்றியதையும் அவர் பிழை என்றே எடுத்துக்கொள்வார்.

கேள்வி: இப்போதெல்லாம் தீயவன் பார்வையில் எழுதி அவனை நல்லவனாக்கிவிடுகிறார்கள். இது சரியா?

பதில்: நல்லவனும் தீயவனும் இடம் மாறி உட்காருவதால் கதையில் ஒன்றும் நடந்துவிடுவதில்லை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனின் பார்வையில் எழுதலாம்; அவன் திருடவே இல்லை என்று எழுதினால் எல்லாம் கரைந்துபோகும். முதலில் திருடினான், பிறகு பழியைச் சுமத்த அயலான் ஒருவன் தானாகவே கடைத்தெருவில் அவனிடம் வந்து நின்றான், அந்த ஒரு கணத்தில் அவன் மனம் என்ன செய்தது என்று எழுதினால், அவனை மன்னிக்காமலே நாம் அவனைப் புரிந்துகொள்வோம்.

புதுமைப்பித்தனின் "சாப விமோசனம்" இதை எவ்வளவு நேர்மையாகச் செய்கிறது என்று பாருங்கள். இராம கதையில் அகலிகை சிறிது நேரமே வந்து போகிறவள். இராமனால் சாபம் நீங்கப் பெற்றவள். அவள் பக்கம் நிற்கும் அந்தச் சிறுகதை இராமனைக் கொடியவனாக்கவில்லை. அவன்பால் அவளுக்கிருந்த அன்பையும் நன்றியையும் முழுமையாக வளரவிட்டு, பிறகு சீதை வாயிலாகத் தீக்குளிப்புச் செய்தியை அவள் காதில் விழச் செய்கிறது. தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்ற கேள்வி அவளுக்கே உரியது. அவள் இருந்த இடத்தில் இருந்தவருக்கு மட்டுமே அத்தனை கூர்மையோடு எழக்கூடியது. அவள் மறுபடியும் கல்லாகிறாள். மூலத்தின் ஒரு நிகழ்ச்சியையும் மறுக்காமலே அந்தக் கதை மூலத்தின் மீது நம் பார்வையை நிரந்தரமாக மாற்றிவிடுகிறது. வெறுப்பினால் எழுதப்படும் மறுகூறல்களால் இது இயலாது; அவற்றின் ஆசிரியர்கள் மூலத்தைப் போதிய அளவு நேசிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: மூலத்தைப் படிக்காதவருக்கும் இத்தகைய கதை புரிய வேண்டுமா?

பதில்: புரிய வேண்டும். சார்லட் பிரான்டியின் "ஜேன் அயர்" 1847-இல் வெளிவந்தது. அதில் நாயகன் ராச்செஸ்டரின் முதல் மனைவி மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட பித்துப்பிடித்தவளாக மட்டுமே வருகிறாள். தன் கதையைத் தானே சொல்ல அவளுக்கு வாய்ப்பே இல்லை. 1966-இல் ஜீன் ரீஸ் எழுதிய "வைட் சர்காசோ சீ" அவளைக் கரீபியத் தீவுகளில் வளர்ந்த சிறுமியாகத் தொடங்கி, அவள் எப்படி அந்த அறைக்கு வந்து சேர்ந்தாள் என்று சொல்கிறது. கணவனின் பெயரை அந்த நாவல் எங்குமே சொல்வதில்லை. அவளை அந்த இங்கிலாந்து வீட்டில் நாம் காண்பது கடைசிப் பகுதியில்தான். மூலத்தை அறியாதவர் ஒரு திருமணம் குலையும் கதையாக அதைப் படித்து முடித்துவிடலாம். அறிந்தவர் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மாடியறை நெருங்கி வருவதை உணர்வார். மூலத்தை அறிந்தவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கலாம். அறியாதவருக்கு எதுவும் குறையக்கூடாது.

கேள்வி: வாழும் எழுத்தாளர் ஒருவரின் நாவலில் வரும் துணைப் பாத்திரத்தை வைத்து எழுதியிருக்கிறேன். வெளியிடச் சட்டம் இடம் தருமா?

பதில்: அனுமதி இல்லாமல் வெளியிடாதீர்கள். ஒரு படைப்பைத் தழுவி எழுத அனுமதிக்கும் உரிமை அதன் ஆசிரியருக்கே உரியது என்பதைப் பல நாடுகள் கையெழுத்திட்ட பெர்ன் பதிப்புரிமை ஒப்பந்தம் ஏற்கிறது. ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்க வேண்டும் என்பதும் அதன் விதி. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். அமெரிக்காவிலும் பல ஐரோப்பிய நாடுகளிலும் பொதுவாக 70 ஆண்டுகள். காப்பியங்களையும் உரிமைக்காலம் கடந்த நாவல்களையும் எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அனுமதியின்றி வெளிவந்து வழக்கில் தப்பித்த நூல் உண்டு. மார்கரெட் மிட்செலின் "கான் வித் தி விண்ட்" நாவலை, அதன் நாயகியின் தந்தைக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த மகளின் பார்வையில் ஆலிஸ் ராண்டல் 2001-இல் "தி விண்ட் டன் கான்" என்று எழுதினார். மிட்செல் நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்து வெளியீட்டுக்குத் தடை பெற்றார்கள். மூலத்தை விமரிசிக்கும் நூல் என்ற வாதத்துக்கு மதிப்பளித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2002-இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஆனால் அது ஒரு பெரிய பதிப்பகத்தின் துணையோடு நடந்த வழக்கு. அதை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம்.

உங்கள் கதையின் சுருக்கத்தையும் முதல் அத்தியாயத்தையும் ஒரு கடிதத்தோடு அந்த எழுத்தாளருக்கோ அவருடைய பதிப்பகத்துக்கோ அனுப்புங்கள். அனுமதி தந்தால் அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்துவிட்டால், உங்கள் பாத்திரத்துக்கு நீங்களே கண்டுபிடித்த அலுவலையும் அச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர்களை மட்டுமல்லாமல் நிகழ்ச்சிகளையும் முழுவதும் மாற்றி, புதிய வீடு ஒன்றில் வைத்து எழுதுங்கள். அவை உங்களுடையவை, அவற்றுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.